பதினெட்டாங்கட்டைக் குளத்தில் இன்ஜின் தேடிய கதை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையை என் உள்ளங்கை இன்னும் மறக்கவில்லை. கையில் தேங்காய் நார்க் கயிறு. ஈரத்தில் ஊறி, முறுக்கேறி, உள்ளங்கையை அறுத்துக்கொண்டிருந்தது. கயிற்றின் மறுமுனை குளத்துக்குள். அந்த முனையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கடியில் பாக் டின்.

பாக் டின் மலாக்காவில் தெங்கேராப் பக்கத்து மலாய் மீனவர். மூச்சடக்கி முங்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கீழே இரும்பு தட்டுப்பட்டால் கயிற்றை இரண்டு தடவை இழுப்பார். ஒன்றும் இல்லையென்றால் ஒரு தடவை. அதுதான் எங்கள் பேச்சு.

கரையில் நாற்பது பேருக்குக் குறையாது. காஜா பேராங்கில் சைக்கிள் வைத்திருந்தவன் எல்லாம் வந்துவிட்டான். கச்சான் கடலை விற்கிறவன்கூட வந்திருந்தான். கொஞ்சம் தள்ளி, என் அண்ணன் வீரமுத்து கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு, பாதி முதுகைக் காட்டி நின்றார்.

கயிறு இரண்டு தடவை இழுபட்டால் எனக்கும் பாக்கியத்துக்கும் கல்யாணம். ஒரு தடவை என்றால் இல்லை. அவ்வளவு சுருக்கமான விஷயம்.

கித்தான் தைத்த பெண்

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். இந்த எழுத்துகூட நான் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதி, நான் திருத்தியது. திருத்தினேன் என்றால் திருத்தினேன்தான். அவர் 'சரக்குந்து' என்று எழுதியிருந்தார். அடித்துவிட்டு 'லோரி' என்று போடச் சொன்னேன். லோரியில் பிழைத்தவனுக்குத் தெரியாதா அதன் பெயர்?

இன்றைக்கு மலாக்காவில் என் லோரி போகாத சந்து கிடையாது. அன்றைக்கு என் நிலைமை வேறு. ஒரு சீன முதலாளியிடம், தவுக்கே என்போம், அண்ணன் டிரைவர், நான் கிளிண்டர். சாமான் ஏற்றுவது, இறக்குவது, கித்தானை இழுத்துக் கட்டுவது, மேட்டில் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது. ஆனால் ஒன்று சொல்கிறேன், என்னைப் போல் கித்தான் கட்டியவன் அந்தச் சடக்கில், ரோடு முழுக்கத் தேடினாலும், இல்லை. மழையில் ஒரு மூட்டை நனைந்தது கிடையாது.

நாடு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வாங்கிய புதிது. பண்டார் ஹிலிர் கடைகளில் கட்டிய காகிதத் தோரணம் மழையில் சாயம் போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் லோரிக் கித்தான் ஓரிடத்தில் கிழிந்துபோக, தைக்க எங்கே கொடுப்பது என்று விசாரித்தேன். காஜா பேராங்கில் சிட்டிச் சனங்களின் வீடுகள் இருக்கிற வரிசைக்குப் பின்னால் ஒரு வீட்டைக் காட்டினார்கள்.

அங்கேதான் பாக்கியத்தைப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு ஒரு கோணி ஊசி. உள்ளங்கையில் தோல் பட்டை. கித்தானைத் தொடைக்கு மேல் இழுத்துப் போட்டு, மெழுகு தேய்த்த நூலால் 'சரக் சரக்' என்று தைத்தாள். மெழுகும் தாரும் கலந்த வாசனை அவள்மேல் எப்போதும் இருக்கும்.

"கிழிஞ்சதா, கிழிச்சதா?" என்று கேட்டாள்.

"கிழிஞ்சதுதான்."

"ஓரம் கத்தி பட்ட மாதிரி இருக்கு."

அந்தத் தடவை தகரம் பட்டுக் கிழிந்ததுதான்; அப்புறம் கிழிந்ததற்கெல்லாம் சத்தியம் பண்ண மாட்டேன். அடுத்த வாரம் இன்னும் ஓரிடத்தில் கிழிந்தது. அதற்கடுத்த வாரம் இரண்டிடம். மூன்றாவது மாதம் தவுக்கே புதுக் கித்தானே வாங்கிவிட்டார். அதற்குள் எங்களுக்குள் கல்யாணப் பேச்சு முடிவாகியிருந்தது.

அண்ணன் சொன்ன ஒரே வார்த்தை

அம்மா அப்பா இல்லாத எனக்கு அண்ணன்தான் எல்லாம். பெண் கேட்டுப் போவதென்றால் அவர்தான் போக வேண்டும். விஷயத்தைச் சொன்னேன். "யார் மக?" என்றார்.

"மண்டோர் அங்கப்பன் மக."

சோற்றுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அந்த ஆளு கழட்டிக் குடுத்த தண்டவாளத்த நான் சயாம்ல தோள்ல தூக்கினேன்டா. அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

இதை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் தம்பினிலிருந்து மலாக்கா டவுன் வரைக்கும் ரயில் வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் அந்தத் தண்டவாளத்தை எல்லாம் பிடுங்கி, சயாமில் போட்ட மரண ரயிலுக்குக் கொண்டுபோனான். ஆளையும் கொண்டுபோனான். அண்ணனும் போனார். திரும்பி வந்தபோது, வாசலில் நிற்கிறது யார் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. வலது தோளில் கன்றிப்போன தழும்பு ஒன்று, உள்ளங்கை அகலத்துக்கு.

அங்கப்பன் அந்தப் பாதையில் ரயில்வே கேங் மண்டோர். பன்னிரண்டு ஆட்களுக்குத் தலைவர். தண்டவாளம் கழற்றுவதென்றால் அவர் கேங்தானே கழற்றியிருக்கும்? ஊர் அப்படித்தான் சொன்னது. அதனால் அவர் வீட்டில் பெண் எடுக்க ஒருவரும் வரவில்லை. பாக்கியத்துக்கு வயது இருபத்துநான்கு ஆகிவிட்டிருந்தது.

அங்கப்பன் வேறு கதை சொன்னார். "நான் கழட்டல. எங்க கேங் டிராலியையும் சம்மட்டி, கடப்பாரை, ஸ்பேனர் எல்லாத்தையும் தண்ணியில தள்ளிட்டேன். கையில சாமான் இல்லன்னு சொன்னேன். அடிச்சான். அப்புறம் வேற ஊரு சாமானும் வேற ஆளும் கொண்டாந்து கழட்டினான்." இடது கையில் இரண்டு விரல் மடங்காது. அதுதான் அந்த அடி என்பார். குடித்துவிட்டு விழுந்தது என்பார்கள் காப்பிக்கடையில்.

எந்தத் தண்ணீர் என்று கேட்டால் சொல்ல மாட்டார். "நம்பாதவனுக்கு அட்ரஸ் எதுக்கு?" என்று எழுந்து போய்விடுவார்.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அந்த டிராலிய என் கண்ணுல காட்டு. நானே தட்டு எடுத்துட்டுப் போறேன்" என்றார். முடியாது என்று நினைத்துத்தான் சொன்னார். என்னைப் பற்றி முழுசாகத் தெரியாது அவருக்கு.

மூன்று இன்ஜின்கள்

நான் தேடியது தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போகிற ஒரு டிராலி. ஆனால் மலாக்காவில் யாரைக் கேட்டாலும் டிராலி இல்லை, இன்ஜின்!

தெங்கேராவில் கேட்டேன். ஜப்பான்காரன் முழு இன்ஜினை தொங்காங் படகில் ஏற்றினான், படகோடு கடலில் மூழ்கிவிட்டது, வற்றுக் காலத்தில் விசில் கேட்கும் என்றார்கள். பாக் டின் ஒருபடி மேலே போனார். அந்தப் புகைக்கூண்டுக்குள்ளிருந்து தான் ஒரு சியாக்காப் மீன் பிடித்ததாகக் கையை அகட்டிக் காட்டினார்.

"வாங்க, காட்டுங்க" என்றேன்.

"இப்ப மண் மூடிருக்கும்" என்றார் மலாயில், கண்ணைச் சிமிட்டாமல்.

ஆற்றுப் பக்கம் சுமை தூக்குகிறவர்கள், இன்ஜின் ஆற்றில்தான் கிடக்கிறது என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நானே இறங்கினேன். இடுப்பளவு சேறு. காலில் இரும்பு தட்டியது. கூச்சல் போட்டு இழுத்தோம். பழைய கட்டில் சட்டம்.

மூன்றாவது கதை எங்கள் சிட்டிப் பெரியவர் ஒருவர் சொன்னது. சிட்டிகள் நம்மைப் போல் சாமி கும்பிடுகிறவர்கள்தான், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். அவரும் மலாயில்தான் சொன்னார்: பத்து பெரெண்டாம் பக்கம் ஒரு பள்ளத்தில் இன்ஜின் கிடக்கிறது. உள்ளே நெருப்பு இன்னும் அணையவில்லை. அதனால்தான் விடிகாலையில் தண்ணீரிலிருந்து புகை வருகிறது.

எல்லாக் குளத்திலும் விடிகாலையில் பனி எழும்பும். கேட்டுச் சிரித்துவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு மாதம் நட்டம்.

ஒரு சங்கதி மட்டும் எனக்கு அப்போதே பிடிபட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. எதையோ தண்ணீரில் தள்ளினார்கள் என்று ஒரு பேச்சு எங்கிருந்தோ புறப்பட்டிருக்கிறது. ஊர் ஊராகப் போகப் போகச் சாமான் டிராலியாகி, டிராலி இன்ஜினாகிவிட்டது. அப்படியென்றால் புறப்பட்ட இடம் ஒன்று இருக்க வேண்டும். படித்தவர்கள் எத்தனை பேருக்கு இந்த யோசனை வரும், சொல்லுங்கள்.

லோரிக்காரன் எண்ணிய கட்டை

பாக்கியத்திடம் போய் நின்றேன். "உங்கப்பா வாயிலேருந்து ஒரு துப்பாவது விழுந்திருக்கா?"

ஊசியை நிறுத்தாமல் சொன்னாள். "அம்மா இருந்தப்ப ஒருநாள் அவங்ககிட்ட பேசினாரு. பதினெட்டாங்கட்டைப் பள்ளம்னு காதுல விழுந்துச்சு."

இது போதாதா எனக்கு? மைலை நாங்கள் கட்டை என்போம். ஒவ்வொரு கட்டையும் எனக்கு மனப்பாடம். பதினெட்டாங்கட்டையில் சடக்கு ஓரம் ஒரு பள்ளம் இருக்கிறது, எருமை குளிக்கும்.

பாக் டின்னை லோரியில் ஏற்றிக்கொண்டு போனேன். அண்ணனையும் வற்புறுத்திக் கூட்டிப்போனேன், அதுதான் பெரிய தப்பு. பாக் டின் காலையிலிருந்து மத்தியானம் வரை முங்கினார். எருமைக்காரன் வந்து திட்டினான். கயிறு ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு இழுப்புத்தான் இழுபட்டது. கடைசியில் மேலே வந்து, மூக்கைச் சிந்திவிட்டு, "தா அடா லா" என்றார். இல்லையப்பா, ஒன்றும் இல்லை.

அண்ணன் போய் லோரியில் ஏறி உட்கார்ந்தார். மறுநாள் காப்பிக்கடையில் என்னைப் பார்த்ததும் ஒருத்தன் வாயைக் குவித்து 'கூ' என்றான். இன்னொருத்தன், "டிக்கெட் எடுத்துட்டியா தம்பி?" என்றான். ஒரு வாரம் எனக்குக் காப்பி இறங்கவில்லை.

பாக்கியத்திடம் சண்டைக்குப் போனேன். "உங்கப்பா சொன்ன எடத்துல எருமச் சாணிதான் இருக்கு."

"எங்க போயி பாத்த?"

சொன்னேன். அவள் ஊசியைக் கீழே வைத்தாள். அதுவரை நான் அவள் ஊசியை வைத்துப் பார்த்ததில்லை.

"டவுன்லேருந்தா எண்ணின?"

"பின்ன எங்கேருந்து எண்ணுவாங்க?"

"ஐயோ, எங்கப்பா லோரிக்காரரா? ரயில்காரரு. ரயில்வேல கட்டைய தம்பின்லேருந்துதான் எண்ணுவாங்க. பொறந்ததுலேருந்து ரயில்வே கோட்டர்ஸ்ல வளந்தேன், எனக்குத் தெரியாதா?"

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?"

"நீ கேக்கவே இல்லையே. எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஓடின."

மொத்தப் பாதையே இருபத்தோரு கட்டை; தம்பினிலிருந்து பதினெட்டு என்றால் மலாக்காவிலிருந்து மூன்று. மூன்று கட்டையில் பத்து பெரெண்டாம். அங்கே ரயில் மேட்டுக்கு மண் வெட்டிய ஒரு பள்ளம் தண்ணீர் நிறைந்து கிடந்தது. தினம் இரண்டு தடவை அதைத் தாண்டித்தான் என் லோரி போனது!

குட்டி போட்ட இன்ஜின்

அண்ணனைத் திரும்பக் கூப்பிடப் போனேன். "இதுதான் கடைசி" என்றார். "இல்லன்னா அந்தப் பொண்ணு பேச்ச எடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணு." பண்ணினேன்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கயிற்றோடு நின்றது.

முதல் முங்கலில் ஒரு இழுப்பு. இரண்டாவதில் ஒரு இழுப்பு. மூன்றாவது தடவை பாக் டின் உள்ளே போய் வெகுநேரமாகியும் கயிறு அசையவில்லை. கச்சான்காரன்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டான். இழுத்துவிடலாமா என்று நான் கையை நகர்த்தியபோது, கயிறு தானாக விறைத்தது. ஒன்று.

பிறகு, இரண்டு.

பாக் டின் தலை மேலே வந்தது. மூச்சு வாங்கினார். "சக்கரம்!" என்றார்.

கூட்டம் ஆரவாரம் போட்டது. சங்கிலியைக் கட்டி லோரியோடு மாட்டினேன். சேற்றில் சக்கரம் சுற்றியதே தவிர லோரி நகரவில்லை. அப்புறம் சைக்கிள்காரர்கள் எல்லாரும் கயிற்றைப் பிடித்தார்கள். மலாய்க்காரர், சீனர், நம் ஆட்கள், வேட்டியை மடித்துக் கட்டியவர், கால்சட்டை போட்டவர். நான் முன்னால் நின்று குரல் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன், வேறு யாருமில்லை.

முதலில் இரண்டு சின்ன இரும்புச் சக்கரம் வெளியே வந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை.

"இன்ஜின் எங்கடா?" என்று ஒருத்தன் கத்தினான்.

"உள்ள குட்டி போட்டிருக்குப்பா!" என்றான் இன்னொருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. குடையை மடக்கிக்கொண்டு கிட்டே வந்தார்.

டிராலி முழுசாக மேலே வந்தது. பலகை கறுத்துப்போயிருந்தது, ஆனால் உளுத்துப்போகவில்லை. பலகைமேல் மூன்று நீளப் பொட்டலங்கள். தார் பூசிய கித்தானில் சுற்றி, வரிந்து வரிந்து கம்பி போட்டுக் கட்டியிருந்தது. பயந்து ஓடுகிறவன் கட்டுகிற கட்டு அது இல்லை.

அண்ணன் என் இடுப்புக் கத்தியைப் பிடுங்கி, குந்தி உட்கார்ந்து ஒரு பொட்டலத்தைக் கிழித்தார். கித்தானுக்குள் சாக்கு. சாக்குக்குள் கெட்டியாக, மஞ்சளாக என்னவோ அப்பியிருந்தது. விரலால் வழித்தார். கீழே சம்மட்டித் தலை பளபளவென்று முகம் காட்டியது. பதினான்கு பதினைந்து வருஷம் தண்ணீரில் கிடந்த இரும்பு!

"கிரீஸ்" என்றார் அண்ணன். "கிரீஸ் தடவி வச்சிருக்காருடா."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. தூக்கிப் போடுகிறவன் எண்ணெய் தடவ மாட்டான். ஜப்பான்காரன் போவான், ரயில் திரும்பி வரும், கேங் சாமானைத் திரும்ப எடுத்து ஒப்படைக்க வேண்டும் என்று நினைத்தவன்தான் ஒவ்வொன்றையும் துடைத்து, கிரீஸ் போட்டு, மூட்டை கட்டுவான். ரயில் திரும்பி வரவில்லை. அவரைக் கேட்க ஆளும் வரவில்லை.

அண்ணன் மற்ற பொட்டலங்களையும் பிரித்து, ஒவ்வொரு சாமானாக எடுத்து வரிசையாக வைத்தார். எண்ணினார். திரும்ப ஒருதரம் எண்ணினார். பிறகு எழுந்து லோரியைப் பார்த்து நடந்தார். "ஏறு" என்றார்.

அங்கப்பன் வீட்டில்

தட்டு இல்லை, வெற்றிலை பாக்கு இல்லை, நல்ல சட்டை இல்லை. முழங்கை வரைக்கும் கிரீஸோடு அண்ணன் அந்த வாசப்படியில் ஏறினார். பின்னால் நான், இடுப்பு வரை சேறு. அங்கப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குளத்துக்கு அவர் வரவில்லை, வரவும் மாட்டார்.

அண்ணன் நின்றுகொண்டே கேட்டார். "எத்தனை சம்மட்டி போட்டீங்க?"

அங்கப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பதினொண்ணு."

"ஆளு பன்னெண்டு பேருல்ல?"

"ஒண்ணு பிடி ஒடைஞ்சு ஸ்டோருக்குப் போயிருந்துச்சு. பதினொண்ணுதான். கடப்பாரை ஆறு. ஸ்பேனர் நாலு. எண்ணிப் பாக்கலையா?"

"பாத்தேன்" என்றார் அண்ணன். "சரியா இருக்கு."

வீட்டுக்குள் தையல் சத்தம் நின்றது. கதவுத் திரைக்கு அடியில் பாக்கியத்தின் கால் விரல்கள் தெரிந்தன.

அண்ணன் வாயெடுப்பதற்குள் அங்கப்பன் கையைக் காட்டினார். "நீங்க உக்காருங்க. நான் இவன்ட்ட ஒண்ணு கேக்கணும்." என் பக்கம் திரும்பினார். "நீ ஆள முங்க வைக்கிறதுக்கு முன்னாடி, நான் சொன்னத நம்பினியா?"

இந்த வாயால் நான் எத்தனையோ பெரிய ஆட்களோடு பேரம் பேசியிருக்கிறேன். அந்த மாதிரிக் கேள்வியை அதற்கப்புறம் யாரும் கேட்டதில்லை. 'நம்பினேன் மாமா' என்று சொல்ல ஒரு நொடி போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்த மடங்காத விரலைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"இல்ல மாமா" என்றேன். "இருந்தா நல்லாருக்கும்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

திரைக்கு அடியில் கால் விரல்கள் சுருங்கின.

அங்கப்பனின் தோள் குலுங்கியது. சிரித்தார். முன்பல் இரண்டு இல்லாத சிரிப்பு.

"எம் பொஞ்சாதியே நம்பல, சாகுற வரைக்கும். நீ நம்பினேன்னு சொல்லிருந்தா வெளிய போடான்னுருப்பேன்." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "பாக்கியம், ரெண்டு பேரும் பசியாறாம வந்திருக்காங்க. என்னா இருக்கு பாரு."

பாக்கியம் காப்பியும் அவித்த மரவள்ளிக் கிழங்கும் கொண்டுவந்தாள். கிழங்கு சூடாக இருந்தது. எங்களுக்கென்று காலையிலேயே அடுப்பில் போட்டு வைத்திருக்கிறாள் என்று பின்னால் தெரிந்தது. நான் குனிந்து அள்ளிக்கொண்டேன். அண்ணனால் கிளாஸைப் பிடிக்க முடியவில்லை, கை வழுக்கியது.

"அந்தக் கிரீஸ் சோப்புக்குப் போவாது" என்று அங்கப்பன் எழுந்தார். உள்ளே போய் மண்ணெண்ணெய்ப் போத்தலும் பழைய துணியும் எடுத்துவந்தார். அண்ணனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, "குடுங்க" என்றார்.

அண்ணன் இரண்டு கையையும் நீட்டினார். அங்கப்பன் அந்த மடங்காத விரல்களால் துணியைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும் துடைத்தார். சயாமில் தண்டவாளம் தூக்கிய கை. மண்ணெண்ணெய் வாசனை வீடெல்லாம் பரவியது. வலது கை முடிந்து இடது கைக்கு வந்தபோது அண்ணன் கேட்டார்.

"தை மாசத்துல நாள் பாக்கலாமா, மாமா?"

"கைய ஆட்டாதீங்க" என்றார் அங்கப்பன். "இன்னும் ஒரு விரல் இருக்கு."